யம்போகு சேவல் வழக்கு

யம்போகு சந்தைத் திடலில் நாடக மேடையிலிருந்து வீசப்பட்ட சேவல், ஏழு ஆண்டுகள் கடந்தும் இன்னும் தரையில் விழவில்லை. சிவப்புச் சேவல், இடது காலில் ஒரு விரல் குறைவு. கழுத்து அறுபட்ட நிலையில், மூன்று ஆள் உயரத்தில், ஒருக்களித்து நிற்கிறது. ஒரு சிறகு வானத்தைப் பார்க்கிறது, மற்றொன்று மண்ணைப் பார்க்கிறது. முதல் நாள் ஏழு சொட்டு இரத்தம் சிந்தியது, பிறகு சிந்தவில்லை. அழுகவும் இல்லை. பருந்துகள் முதல் மாதம் வட்டமிட்டுப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டன. வறண்ட காற்று வீசும் மாதங்களில் அதன் மேல் செம்மண் தூசி படியும், முதல் மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். அது வீசப்பட்ட ஆண்டு கம்பு நன்றாக விளைந்தது, கினிக்கோழி விலை இறங்கியிருந்தது.

நாடகம் போடப்பட்டதன் நோக்கமே பெண்கள்மீது சூனியப் பழி சுமத்தாதீர்கள் என்று ஊருக்கு எடுத்துச் சொல்வதுதான். பள்ளி ஆசிரியர் பூக்ரி அதை நாற்பது பக்க நோட்டில் எழுதினார். தம்பி மகனைக் கனவில் தின்றுவிட்டாள் என்று தலாத்து என்ற அப்பாவிப் பெண்மீது பழி விழுகிறது. அடிக்குப் பயந்து அவளும் ஒப்புக்கொள்கிறாள். நிலப்பூசாரி சேவலை அறுத்து வீசுகிறார். சேவல் அவளைக் குற்றமற்றவள் என்கிறது. ஊர் வெட்கித் தலைகுனிகிறது. தலாத்து வேடத்தை லாரிபாவுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கணவனை இழந்தவள், ஷியா மரக் கொட்டையிலிருந்து வெண்ணெய் கடைந்து விற்பவள். சந்தையில் யாரைப் போலவும் நடந்து காட்டிச் சிரிக்க வைப்பாள் என்பதால் நாடகத்துக்கு அழைத்தார்கள். ஆனால் அந்த நாட்களில் அவள் மனம் நாடகத்தில் இல்லை. ஒரே மகள் ஆசிபி தமாலே நகரத்துத் தையல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். லாரிபா பிரசவத்துக்கென்று கிழக்கறைத் தரையில் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டே வசனத்தை மனப்பாடம் செய்தாள். நாடகம் முடிந்த மறுவாரம் மகளை அழைத்து வருவதாக ஏற்பாடு.

நிலப்பூசாரியின் தீர்ப்பு எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. கழுத்தறுத்து வீசிய சேவல் துடித்து அடங்கும்போது மல்லாந்து கிடந்தால் அந்தப் பெண் குற்றமற்றவள். குப்புறக் கிடந்தால் சூனியக்காரி. பிறகு அவள் தட்டுமுட்டுச் சாமான்களோடு மலைக்கு அப்பால், சூனியப் பழி விழுந்த பெண்களின் குடியிருப்புக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். ஒத்திகைகளில் சேவலுக்குப் பதிலாகத் தலைத்துணியைச் சுருட்டி வீசினார்கள். அது எப்போதும் மல்லாந்தே விழுந்தது, வயிறும் முதுகும் அதற்கு இல்லை என்பதால். துணியை வைத்துக்கொண்டு யாரை நம்ப வைப்பது என்று பூக்ரி உண்மையான சேவல் ஒன்றை வாங்கினார். பூசாரி வேடம் கட்டவிருந்த நாவிதன் நிண்டோவுக்கு அன்று காலையிலிருந்தே வயிறு கலங்கிவிட்டது. முன்வரிசையில் கோலாக் கொட்டை மென்றுகொண்டிருந்த உண்மையான நிலப்பூசாரி சுக்ரியை பூக்ரி மேடையிலிருந்தே கூப்பிட்டார்.

"அய்யா, ஒரு நிமிஷம் மேல வாங்க. சும்மா நடிப்புதான்."

"நடிக்கல்லாம் எனக்குத் தெரியாதேப்பா."

"நடிக்க வேணாம். வழக்கமா செய்யறதைச் செய்யுங்க, போதும்."

சுக்ரி வழக்கமாகச் செய்வதைச் செய்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, கத்தியைத் தரையில் தொட்டு எடுத்து, மண்டியிட்டிருந்த பெண்ணிடம் அவள் பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டார். நோட்டில் இந்தக் கேள்வி இல்லை. லாரிபா தலாத்துவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நிலப்பூசாரி கேட்டால் தகப்பன் பெயரை மாற்றிச் சொல்லும் துணிச்சல் அந்த மண்ணில் யாருக்கும் கிடையாது. "தொகுருகு மகள் லாரிபா" என்றாள். சுக்ரி அந்தப் பெயரை மூன்று முறை மண்ணிடம் சொல்லி, சேவலை அறுத்து மேலே வீசினார்.

அது திரும்பி வரவில்லை. எண்ணூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு நல்ல தந்திரத்தை தமாலேயில்கூடக் காட்டியதில்லை என்றார்கள். மேடையில் பூக்ரி மட்டும் நிண்டோவைப் பிடித்து, "கயிறு எங்கய்யா கட்டினே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நிண்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் எங்க கட்டினேன், நானே கழிப்பறையிலேருந்து இப்பத்தான் வர்றேன்" என்றான். ஏணி கொண்டுவந்து சேவலின் மேலும் கீழும் கையை வீசிப் பார்த்தார்கள். கயிறு இல்லை. பிடித்து இழுத்தபோது, சுவரோடு பிறந்த கல்லைப் போல அசையாமல் இருந்தது. கடைசிக் காட்சியான மனந்திருந்தும் பாட்டை யாரும் பாடவில்லை. ஊர் வெட்கித் தலைகுனியும் கட்டத்துக்கு நாடகம் வரவே இல்லை.

நான்காம் நாள் பெண்கள் பள்ளியில் வும்பினி என்ற பதினான்கு வயதுப் பெண், கரும்பலகையில் லாரிபாவின் முகம் தெரிகிறது என்று சொல்லிக் கீழே விழுந்தாள். மறுநாள் பதினொரு பேர் விழுந்தார்கள், வாரக் கடைசியில் நாற்பத்து மூன்று பேர். கை கால் விறைத்து, கண் செருகி, ஒரே குரலில் பேசினார்கள். பேசியது முழுக்க நாடக வசனம். "என் தம்பி மகனை நானே தின்றேன், நெஞ்சிலிருந்து தொடங்கினேன், எலும்பைக் கலயத்தில் ஒளித்தேன்" என்று லாரிபா மேடையில் ஒப்புக்கொண்டதை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்கள். அவள் நடுவில் இருமிய இடத்தில் நாற்பத்து மூன்று பேரும் இருமினார்கள். அவள் வசனம் மறந்து நின்ற இடத்தில் நின்று, திரைக்குப் பின்னாலிருந்து பூக்ரி எடுத்துக்கொடுத்த "கலயம், கலயம்" என்பதையும் அவருடைய கம்மிய குரலிலேயே சொன்னார்கள். மாவட்டத்திலிருந்து வந்த மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பிள்ளைகள் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். பள்ளி மூன்று வாரம் மூடப்பட்டது. பெண்கள் வீடுகளில் விழுந்தார்கள், கிணற்றடியில் விழுந்தார்கள். சந்தை நாட்களில் அதிகம் விழுந்தார்கள்.

ஊர்த்தலைவர் அவையில் பூக்ரி தன் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். எல்லாம் தன் கற்பனை, தன் கையெழுத்து, லாரிபா ஒப்பித்தது மட்டும்தான் என்றார். கசாப்புக்கடை முமுனி நோட்டை வாங்கி, எழுத்துத் தெரியாததால் தலைகீழாகவே வைத்து நிதானமாகப் பார்த்தான்.

"சரி வாத்தியாரே. நெஞ்சுலேருந்து தொடங்கினா, கலயத்துல ஒளிச்சான்னு இவ்வளவு விவரமா உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா யோசிச்சு எழுதினேன்."

"அப்ப உன் தலைக்குள்ள வந்து யாரு சொல்லிட்டுப் போனான்னு யோசி."

பூக்ரி நோட்டை வாங்கி மூடிக்கொண்டார். அடுத்த பருவத்தில் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அங்கே கணக்கு மட்டும் கற்பிப்பதாகக் கேள்வி. லாரிபாவிடம் விடைபெற வந்தவர் வாசலிலேயே நின்று அழுதார். அவள், "அழாதீங்க வாத்தியாரே, நாடகத்துல நான் அழுதாத்தான் நல்லாயிருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

தலைவர் திடலில் பாய் விரித்து, ஒரு பிற்பகல் முழுவதும் சேவலுக்குக் கீழே படுத்துக்கொண்டு பார்த்தார். எழுந்து சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். நிலத்திடம் கேள்வி கேட்டாகிவிட்டது, நிலம் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் வரும்வரை லாரிபாவை யாரும் ஊரைவிட்டுத் துரத்தக் கூடாது. அவள் சுத்தமானவள் என்றும் யாரும் சொல்லக் கூடாது. ஒரு கேள்வி நிலுவையில் இருக்கும்போது நிலத்திடம் இன்னொரு கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்பதால், அதுவரை யம்போகு மண்ணில் வேறு எந்தச் சேவலும் அறுத்து வீசப்படாது. தீர்ப்பில் யாருக்கும் திருப்தி இல்லை. ஆனால் குறை சொல்லவும் முடியவில்லை.

தமாலேயிலிருந்து சம்பந்தி வீட்டார் ஆள் அனுப்பினார்கள். ஆசிபியின் மாமியார் கெட்டவள் இல்லை. "சேவல் மல்லாந்து விழட்டும், நானே மரியாதைக்குக் கோலாக் கொட்டை எடுத்துட்டு மருமகளைக் கூட்டிட்டு வர்றேன். அது வரைக்கும் வயித்துப் பிள்ளையை அந்த வீட்டு நிழல்ல கொண்டு விட முடியாது" என்று சொல்லி அனுப்பினாள். ஆசிபி மழைக்காலத்தில் தமாலேயிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். லாரிபாவுக்குச் செய்தி எட்டாம் நாள் வந்தது. அவள் கிழக்கறையைப் பூட்டினாள். ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும் அதைத் திறந்து தரையைப் புதிதாகப் பூசி, மறுபடி பூட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில், கணவன் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, ஆசிபி பக்கத்து வீட்டுக் கைபேசிக்கு அழைப்பாள். குழந்தை தவழ்வதும் நடப்பதும் பல் முளைப்பதும் லாரிபாவுக்குக் காதால் மட்டுமே தெரியும். சந்தையில் அவளிடம் வெண்ணெய் வாங்குவார்கள், ஆனால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அவளுடைய நிழல் விழாத பக்கமாகப் பார்த்துப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போவார்கள். அவள் மேடையில் செய்த எதையும் இப்போது செய்து காட்டுவதில்லை. யாரைப் போலவும் நடப்பதில்லை; தன்னைப் போல நடப்பதற்கே கவனம் தேவைப்பட்டது.

மூன்றாம் ஆண்டு குமாசி நகரத்திலிருந்து படக்காரர்கள் வந்தார்கள். சேவலைப் பல கோணங்களில் எடுத்துக்கொண்டார்கள், லாரிபாவை எடுக்கவில்லை. பார்க்க மிகவும் சாதாரணமாக இருக்கிறாள் என்றார்கள். படத்தில் லாரிபாவாக நடித்தவள் இருபத்தாறு வயது, நீண்ட நகங்கள், வாயிலிருந்து நீல நெருப்பு வரும். தம்பி மகனை நெஞ்சிலிருந்து தின்று, எலும்பைக் கலயத்தில் ஒளித்து, கடைசியில் ஊரார் கல்லடியில் செத்துப் போனாள். படத்துக்கு 'வானத்துச் சாட்சி' என்று பெயர். சந்தை நாள் மதியம், ஹருணாவின் வீடியோ கொட்டகையில், ஜெனரேட்டர் போட்டுக் காட்டினார்கள். படம் முடிந்து வெயிலுக்கு வந்த இருநூறு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் கேட்காமலே, லாரிபாவின் வீட்டை நோக்கி நடந்தார்கள். அவள் முற்றத்தில் உட்கார்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். முன்னால் நின்ற முமுனி உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தான்.

"நீ செத்துட்டியே. இப்பத்தான் பாத்துட்டு வர்றோம்."

"செத்தவளைப் போய்ப் பொதைங்க. எனக்கு வெண்ணெய் திரியறதுக்குள்ள கடையணும்."

"வாயைத் தொற, நெருப்பு வருதா பாக்கலாம்!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். பள்ளியில் முதலில் விழுந்த வும்பினியின் தாய் அவள். லாரிபா வாயைத் திறந்து காட்டினாள். பற்களும் நாக்கும் இருந்தன. ஏமாற்றத்தில்தான் முதல் கல் வந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். நான்கு கற்கள் வீசப்பட்டன, மூன்று பட்டன. இடது காது கேட்காமல் போனது. ஐந்தாவது கல்லுக்கு முன் தலைவரின் சார்பில் பேசும் கோல்காரர் மிதிவண்டியில் வந்து சேர்ந்தார். வழக்கு நிலுவையில் உள்ளது, சேவல் இறங்கவில்லை, எல்லோரும் மேலே பார்க்கவும் என்று அறிவித்தார். எல்லோரும் மேலே பார்த்தார்கள். சேவல் ஒருக்களித்தே நின்றது. கூட்டம் கலைந்து, படத்தில் வந்த நெருப்பு உண்மை நெருப்பா இல்லையா என்று வாதாடிக்கொண்டே போனது. லாரிபா காதில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வெண்ணெயைக் கடைந்து முடித்தாள்.

கல் வீசப்பட்ட மறுமாதம் கோல்போவா வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, கொழுந்தன் மாடு செத்ததற்கு அவள்தான் காரணம் என்று அவள்மீது பழி. தலையில் பாத்திரத்துடன் அவள் முன்னால் ஓடிவர, கையில் சேவலுடன் கொழுந்தன் பின்னால் துரத்திக்கொண்டு வந்தான். தலைவர் அவை அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, வரிசையில் நிற்கவும் என்றது. அவன் இரண்டு நாள் நின்றான். பிறகு சேவலை விற்றுவிட்டு ஊருக்குப் போனான். யம்போகு மண்ணில் கால் வைத்திருக்கும் பெண்ணுக்கு யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்ற செய்தி கிணறு கிணறாகப் பரவியது. ஆறாம் ஆண்டுக்குள் லாரிபாவின் முற்றத்தில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். அவள் அவர்களை அழைக்கவில்லை. வேறு யாரும் இடம் கொடுக்காததால் அங்கே வந்தார்கள். ஒருத்தி உப்புத் திருடினாள். ஒருத்தி தான் மெய்யாகவே சூனியக்காரிதான் என்று நம்பினாள்; தினமும் காலையில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். வடக்கறைக் கூரை மழையில் இடிந்தபோது லாரிபா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கிழக்கறைப் பூட்டைத் திறந்து, "தரையைக் கீறினா கொன்னுடுவேன்" என்று சொல்லி நான்கு பேரை உள்ளே விட்டாள்.

சுக்ரி வந்தது அந்த ஆண்டுதான். கால் வீங்கி, யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து காலையில் வந்தார். லாரிபா அவருடைய இடப்பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு, கேட்கும் காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோல்போவா சற்றுத் தள்ளி ஷியா கொட்டைகளைக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அடுத்த கம்பு அறுப்புப் பாக்க மாட்டேன்" என்றார் சுக்ரி. "போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். சேவல் எப்படி விழணும்னு நிலம் சொல்றதில்ல தாயீ. மணிக்கட்டு சொல்லும். எங்கப்பன் எனக்குக் காட்டிக்கொடுத்தான். சனங்க வரும்போதே முகத்துல முடிவு எழுதியிருக்கும். அதைப் பாத்து நான் வீசுவேன்."

கொட்டை உடைக்கும் சத்தம் நின்றது. கோல்போவாவின் அக்காள், குப்புற விழுந்த ஒரு சேவலால், பன்னிரண்டு ஆண்டுகளாக மலைக்கு அப்பாலுள்ள குடியிருப்பில் இருந்தாள். சுக்ரி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அந்த நாடகத்தன்னைக்கு மட்டும் எண்ணூறு பேரையும் பாத்தேன், ஒரு முகத்துலயும் ஒண்ணும் எழுதல. அடுத்து என்ன நடக்கும்னு பாக்க வந்த சனம் அது. எப்படி வீசறதுன்னு என் கைக்குத் தெரியல. அதான் அது இறங்கத் தெரியாம நிக்குது. இப்ப நான் போய் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வரும். மல்லாந்து விழும். நான் பாத்துக்கறேன்."

"விழுந்துட்டா இவளுங்க கதி?"

"வழக்கு தீர்ந்துடும், நிலம் சும்மாயிருக்கும். கேக்க வர்றவங்க சேவலோட வருவாங்க. என் தம்பி மகன் வீசுவான். அவனுக்கும் முகம் பாக்கத் தெரியும்."

லாரிபா வெள்ளிக்கிழமைவரை தவணை கேட்டாள். அன்று ஆசிபியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆசிபி, "விழ வைம்மா. என் பொண்ணுக்கு ஆறு வயசு ஆகப் போகுது. உன் அம்மம்மா யாருன்னு கேட்டா, வாயில நெருப்பு வர்ற அவளைத்தான் சொல்றா. படத்தை அவளுக்கு யாரோ காட்டிட்டாங்க" என்றாள். லாரிபா கைபேசியைக் கேட்கும் காதிலிருந்து கேட்காத காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு அதைத் துடைத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள்.

அன்று மாலையே சுக்ரியின் வீட்டுக்கு நடந்து போனாள். வழியில் திடலைக் கடக்கும்போது வழக்கம்போல் மேலே பார்த்தாள். தரையில் கிடத்திவிடக்கூடிய பொருளாக அது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது என்று கோல்போவாவிடம் பின்னர் சொன்னாள். எடை அதிகம் இருக்காது, ஒரு வேளைக் குழம்புக்குக் காணும்.

"வேணாம் அய்யா. அங்கயே இருக்கட்டும்."

"உன் மக?"

"கோவிச்சுப்பா." வெண்ணெய்ப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, "எத்தனை நாள் கோவிச்சுப்பான்னு எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு, கையோடு கொண்டுவந்த அந்த வெண்ணெயை அவர் காலில் அவளே பூசிவிட்டாள். பூசும்போது அவர் அழுதார், அவள் அழவில்லை. சுக்ரி கம்பு கதிர் பிடிக்கும் முன்பே இறந்தார். லாரிபாவின் பெயரைச் சொல்லிச் சேவலை இறக்கக்கூடிய ஒரே வாய் அதோடு மூடியது. ஆசிபி பதினொரு மாதம் அழைக்கவில்லை. பன்னிரண்டாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அழைத்து, வெண்டைக்காய் காய்த்ததா என்று மட்டும் கேட்டாள். காய்த்தது என்றாள் லாரிபா. பின்னால் ஒரு சிறுமியின் குரல் ஏதோ கேட்டது. ஆசிபி அதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மறு வறட்சிக் காலத்தில் ஊருக்கு மின்சாரம் வந்தது. கம்பி இழுக்கும் ஆட்கள் கம்பத்துக்குக் குழி தோண்டிவிட்டு அண்ணாந்து பார்த்து, கம்பி போகும் வழியில் ஒரு சேவல் நிற்கிறதே, அது யாருடையது என்று விசாரித்தார்கள். சந்தையில் எல்லோரும் வெண்ணெய்க் கடையைக் காட்டினார்கள். மேற்பார்வையாளர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து லாரிபாவின் முன் நின்றார்.

"அம்மா, அந்தச் சேவல் உங்களோடதா?"

"என்னோடதுதான்."

"கொஞ்சம் எடுத்துக்க முடியுமா? கம்பி போகணும்."

"முடியாதுய்யா. வழக்கு நடந்துக்கிட்டிருக்கு."

அவர் நோட்டில் அதை எழுதிக்கொண்டார். தோண்டிய குழியை மூடிவிட்டு, கம்பத்தை நான்கு தப்படி கிழக்கே தள்ளி நட்டார்கள்.